விற்காத பங்கும் வராத இலாபமும்

அமெரிக்காவின் பேர்க்ஷயர் ஹதவே கம்பனி 2022 ஆம் ஆண்டில் 22.8 பில்லியன் டொலர் நட்டமடைந்ததாகச் செய்தி வெளியாகியது. அடுத்த ஆண்டே அக்கம்பனி 96 பில்லியன் டொலர் இலாபம் காட்டியது. காப்புறுதி, புகையிரதம், மின்சாரம் எனப் பரந்து கிடக்கும் அதன் தொழில்கள் ஈட்டிய செயற்பாட்டு இலாபமோ 2022 இல் 30.8 பில்லியன், 2023 இல் 37.4 பில்லியன். தொழில் ஆட்டங்காணவில்லை. ஆட்டங்கண்டவை அது வாங்கி வைத்திருந்த அப்பிள் முதலிய கம்பனிகளின் பங்கு விலைகளே.

2018 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த கணக்கீட்டு விதியின்படி, விற்காத பங்கின் விலையேற்ற இறக்கமும் இலாப நட்டக் கணக்கினுள் வந்தாக வேண்டும். இது வாசகரைக் குழப்பும் என்று வொரன் பஃபெட் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஆயினும் பழைய முறையும் புனிதமானதல்ல. அன்று விற்றால் மட்டுமே இலாபம் கணக்கிற் சேரும். எனவே மோசமான ஆண்டொன்றில் நல்ல பங்குகளைத் தேடி விற்று இலாபங்காட்ட நிர்வாகத்தினருக்கு வழியிருந்தது. இதைப் பஃபெட்டின் ஆதரவாளர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

உண்மையான விசித்திரம் வேறிடத்தில் உள்ளது. ஒரு கம்பனியில் 20 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு இருந்தால், செல்வாக்கு உண்டெனக் கருதப்பட்டு விதி மாறுகிறது. சந்தை விலையைப் பாராமல், அக்கம்பனியின் இலாபத்தில் தமக்குரிய பங்கை மட்டும் கணக்கிற் சேர்த்துக்கொள்வர். கிராஃப்ட் ஹெய்ன்ஸ் கம்பனியில் பேர்க்ஷயர் 26 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கை வைத்திருந்தது. 2019 இறுதியில் அதன் சந்தைப் பெறுமதி 10.5 பில்லியன், ஏட்டிலோ 13.8 பில்லியன். அப்பிளின் உயர்வு முழுவதும் இலாபமாகிய அதே ஆண்டில் இந்தச் சரிவு இலாபத்தைத் தொடவில்லை.

இலங்கையில் 2018 முதல் நடைமுறையிலுள்ள நியமம் இன்னொரு வழியையும் திறந்துவைத்திருக்கிறது. வர்த்தக நோக்கமற்ற பங்குகளின் விலை மாற்றத்தை இலாபத்துக்கு வெளியே காட்டலாம். இத்தெரிவைப் பின்னர் மாற்ற இயலாது. விற்றாலும் ஆதாயம் இலாபக் கணக்குக்குத் திரும்பாது. நீண்டகாலம் வைத்திருப்போருக்கு இதுவே நேர்மையானது என்பது எனது எண்ணம். பங்கிலாபம் மட்டும் வருமானமாகும். அது கைக்கு வந்த பணம்.

எமது வர்த்தகப் பக்கங்களோ தேறிய இலாபத்தை மட்டும் தலைப்பாக்குகின்றன. நானும் அவ்வாறு பல தலைப்புகளை இட்டவன்தான். எந்தத் தெரிவின் கீழ் அந்த எண் பிறந்தது என்பதை அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் தேட ஐந்து நிமிடம் போதும்.