திருவிழாவும் தவறணையும்

எசல மாதத்துப் பெரஹரா வீதியுலா வரும் நாட்களிற் கண்டி மாநகரின் மதுச்சாலைகள் மூடப்படுவதும், அதுபற்றிய அறிவித்தல் பத்திரிகைகளில் வெளிவருவதும், அதனைப் படித்து நல்லோர் பலர் மனநிறைவு எய்துவதும் அண்மைக்கால வழமையாகிவிட்டன. புனித நகரின் புனிதம் காக்கப்பட்டது. அதிகாரிகள் தம் கடமையைச் செய்தனர். யானைகளும் தீப்பந்தங்களும் மது நாற்றம் படாத தெருக்களிற் சென்றன. இவ்வளவில் எவருக்கும் குறை சொல்ல இடமில்லை. ஆயின் மாத்தளைக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறி வத்தேகமவில் இறங்குபவனுக்கு ஒரு மணித்தியாலங்கூட வேண்டியதில்லை. மூடுதல் என்னும் அந்த நிருவாகம் மாநகரின் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு அப்பால் வாழ்பவருக்கும் திருவிழாக்கள் உண்டு என்பதை அந்த நிருவாகம் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வத்தேகம சிறு நகரமே. 1880 ஆம் ஆண்டிற் கண்டியிலிருந்து மாத்தளைக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது அது தோட்டங்களின் வாயிலாயிற்று. பன்விலை, மடுல்கலை, எல்கடுவை முதலான மலைச்சரிவுகளில் வாழும் உழைப்பாளருக்கு அரிசியும் துணியும் மருந்தும் கிடைக்கும் இடம் இதுவே. சம்பள நாளிற் கையிற் காசோடு இறங்கி வரும் இடமும் இதுவே. இம்மக்களின் ஆண்டுச் சக்கரத்தில் மாசி மாதத்துக் காமன் கூத்தும், மாரியம்மன் தேரும், ஆடிப் பூசையும், தீபாவளியும் பெற்றுள்ள இடம் கண்டி நகரத்தாருக்குப் பெரஹரா பெற்றுள்ள இடத்திற் குறைந்ததன்று. ஆயினும் இவ்விழாக்களின்போது மது எங்ஙனம் விற்கப்பட வேண்டும், எப்போது நிறுத்தப்பட வேண்டும், யார் அதைத் தீர்மானிக்க வேண்டும் என்ற வினாக்கள் எந்த மேசையிலும் வைக்கப்படுவதில்லை. தீபாவளியன்று கடைக் கதவு மூடியிருந்தாலென்ன, திறந்திருந்தாலென்ன? தீபாவளி முற்பணம் அதற்குப் பல நாள் முன்னரே கைக்கு வந்துவிடுகிறது. போத்தலும் அதனோடு வந்துவிடுகிறது. நாட்காட்டியைப் பார்த்துக் கதவைச் சாத்தும் முறை, காசு வரும் நாளைப் பார்ப்பதேயில்லை.

போயா தினங்களிற் கடை மூடல், சுதந்திர தினத்திற் கடை மூடல், ஒக்டோபர் 3 ஆம் திகதி உலக மதுவொழிப்புத் தினத்திற் கடை மூடல் என நாட்களின் பட்டியல் நீளுகின்றது. இவற்றைத் தவறென்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் மூடிய நாட்களை எண்ணிக் காட்டுவதன் மூலம் திறந்த கடைகளின் எண்ணிக்கையை மறைக்க முடியும் என்பதையும் நாடு கண்டுகொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பட்டியலின்படி அவ்வாண்டில் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் 361. அவற்றுள் மத்திய மாகாணத்துக்கு உரியவை 45. ஒரு கையால் விழாக் காலத்தில் ஒரு கதவைச் சாத்தி, மறு கையால் ஆண்டு முழுவதற்குமாகப் பல கதவுகளைத் திறந்துவிடும் இவ்வித்தைக்கு மதுக் கட்டுப்பாடு என்று பெயர் சூட்டுவது மொழிக்கே இழைக்கும் அநீதியாகும்.

இவ்வித்தை புதியதுமன்று. பிரித்தானியர் ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை மாவட்டந்தோறும் ஏலத்தில் விடப்பட்டது. குத்தகைக்காரர் அரசுக்குப் பணம் கட்டினர். கட்டிய பணத்தைப் பன்மடங்காக மீட்பதற்குத் தவறணைகளைப் பெருக்கினர். இலங்கையின் முதலாளி வர்க்கம் மூலதனம் திரட்டிய வழிகளிற் சாராயக் குத்தகை தலையாயது என்பதைக் குமாரி ஜயவர்தன தமது ஆய்வில் விரிவாக நிறுவியுள்ளார். கோப்பித் தோட்டங்கள் கண்டி மலைகளிற் பரவிய காலத்திற் கூலியாகக் காசு பெறும் பெருந்தொகை மக்கள் முதன்முறையாக அங்கு தோன்றினர். அக்காசைத் தேடித் தவறணை மலையேறியது. இன்று மலையகத் தொழிலாளியைப் பார்த்துப் பிறவிக் குடியன் என்று பேசும் பெரிய மனிதர்கள், அவன் குடியைத் தேடிப் போனானா, குடி அவனைத் தேடி வந்ததா என்பதைச் சற்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்த பின் பேசுதல் நன்று.

1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையைத் திருத்தியமைத்தது. கள்ளுத் தவறணைகளைச் சாராயத் தவறணைகளிலிருந்து பிரித்து நாடெங்கும் புதிதாகத் திறக்கும் அரசின் திட்டத்தை எதிர்த்து மதுவொழிப்பு இயக்கம் வீறுகொண்டெழுந்தது. அதன் முன்னணியில் நின்றோர் சிலர் 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறையும் சென்றனர். அவ்வியக்கம் பெற்றுத் தந்த பயன்களுள் மிகப் பெரியது எதுவெனில், 1920களில் நடைமுறைக்கு வந்த உள்ளூர் வாக்கெடுப்பு முறையே. தம் ஊரில் ஒரு தவறணை இருக்கலாமா, வேண்டாமா என்பதை ஊரவரே வாக்களித்துத் தீர்மானிக்கலாம் என்ற அந்த நியாயம் எத்துணை எளியது! யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல ஊர்கள் அவ்வாக்கினாலே தவறணைகளை மூடின. இன்று அந்த வாக்கைப் பற்றிய பேச்சுக்கூடக் கேட்பதற்கில்லை. அனுமதி வழங்குவது தலைநகரத்து அலுவலகம். பரிந்துரை செய்வது அரசியல்வாதி. விளைவைச் சுமப்பது ஊர்.

மலையகத்தில் இவ்வநீதி இருமடங்கானது. 1937 ஆம் ஆண்டின் கிராமச் சமூகக் கட்டளைச் சட்டத் திருத்தம் தோட்டத்தில் வதியும் இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சங்கத் தேர்தலிலிருந்து விலக்கி வைத்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் நாடாளுமன்ற வாக்கும் பறிபோயிற்று. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடந்தராத வகையில் அமைந்திருந்தது. அத்தடை நீங்க 2018 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. உள்ளூர் விவகாரம் எதிலும் சொல்லில்லாதிருந்த மனிதனுக்குத் தவறணை விடயத்தில் மட்டும் சொல் எங்கிருந்து வந்திருக்கும்? லயத்துக்கு வீதி போட உரிமையில்லாத சபைகள் இருந்த நாட்டில், லயத்துக்குச் செல்லும் வழியில் மதுக்கடை போட உரிமையுள்ளோர் என்றும் இருந்தனர்.

மது என்றாலே தீட்டு என்று கூறும் தூய்மைவாதம் இங்கு பேசப்படவில்லை. திருக்குறளிற் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் உண்டு. அதே தமிழ் மரபிலே, கள் சிறிதாயின் அதைப் பாடினிக்கே கொடுத்து, பெரிதாயின் உடனிருந்து பகிர்ந்துண்ட அதியமானை ஔவையார் நினைந்து அழுத புறப்பாட்டும் உண்டு. கொடுப்பவன் உண்பவனை அறிந்திருந்தான். அவனுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்பதை அறிந்திருந்தான். கித்துள் மரத்துக் கள்ளை அயலவருக்கு ஊற்றிக் கொடுத்த கிராமத்தானுக்கும் அந்த அளவு தெரிந்திருந்தது. மாத முடிவில் கணக்குப் பார்க்கும் அனுமதிப்பத்திரக்காரனுக்குத் தெரிந்த அளவு ஒன்றே: எத்தனை போத்தல்.

கடுஞ்சாராயத்தை விட்டு மக்கள் பியருக்கு மாறினால் நலம் விளையும் என்ற வாதமும் உண்டு. 2017 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் இவ்வாதத்தின் அடிப்படையிற் பியர் மீதான வரிச்சுமையைத் தளர்த்தியது. கேட்பதற்கு இனிய வாதம். ஆனால் இந்நாட்டிற் பெருமளவு விற்பனையாகும் பியர் 8.8 விழுக்காடு மதுசாரம் கொண்ட கடும் பியர். பியரைப் பெருவிழாவாகவே கொண்டாடும் ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஒக்டோபர் விழாவுக்கென வடிக்கப்படும் பியரோ ஏறத்தாழ 6 விழுக்காடுதான். மென்பானம் என்ற போர்வையில் வன்பானத்தை விற்றுவிட்டு, குடிமக்கள் நாகரிகமடைகின்றனர் என்று மகிழ்வது வியாபாரிக்குப் பொருந்தும், அரசுக்குப் பொருந்தாது. மறுபுறம், வரியை ஏற்றிவிட்டால் எல்லாம் சீராகும் என்பாருமுளர். விலையேற்றம் குடியைக் குறைக்கும் என்பதை உலக அனுபவம் காட்டுகிறது, மறுப்பதற்கில்லை. ஆயின் 2024 ஆம் ஆண்டிற் போராடிப் பெற்ற நாட்சம்பளம் 1,350 ரூபா. இரண்டு நாட் கூலியாலும் ஒரு போத்தல் சாராயம் வாங்க முடியாதவனுக்குக் கசிப்புக்காரன் ஆற்றோரத்திற் காத்திருக்கிறான். வரி உயரும்போது கசிப்பை ஒழிக்கும் கையும் உயர வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் பண்டிகைக்கு முந்திய வாரத்திற் பத்திரிகைப் படத்துக்காக மட்டுமே உயர்கிறது.

மியூனிக் விழாவிலிருந்து கற்பதற்கு வேறொன்றும் உண்டு. 1810 ஆம் ஆண்டு அரச திருமணமொன்றின் கொண்டாட்டமாகத் தோன்றிய அவ்விழாவை நடத்துவது அந்நகரின் மாநகர நிருவாகமே. எந்த மதுவடிசாலை அங்கு பரிமாறலாம், இரவில் எத்தனை மணியோடு பரிமாறலை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் விதியாக வகுக்கப்பட்டுள்ளன. வெறியாட்டம் மிகுந்து குடும்பத்தோடு வருவோர் ஒதுங்கத் தொடங்கியபோது, 2005 ஆம் ஆண்டில் மாலை 6 மணிவரை இசையின் ஓசைக்கு எல்லை விதிக்கப்பட்டது. விழாவின் பழுதுக்கும் நகரமே பொறுப்பு. திருத்தத்துக்கும் நகரமே பொறுப்பு. கேள்வி கேட்க விரும்பும் குடிமகனுக்குத் தன் நகர மண்டபத்தின் கதவு தெரியும். வத்தேகம நகர சபைக்கோ பாததும்பறைப் பிரதேச சபைக்கோ தம் எல்லைக்குள் வரும் மதுக்கடை விடயத்தில் இத்தகைய இறுதிச் சொல் உண்டா?

எல்லாவற்றிலும் விசித்திரமானது பெண்ணைப் பற்றிய சட்டத்தின் கரிசனை. தவறணையிற் பெண்ணுக்கு மது விற்கலாகாது, அங்கு அவள் வேலை செய்யலாகாது என்று 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் விதித்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாட்களுள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப் பெறுமாறு பணித்தார். பண்பாடு காப்பாற்றப்பட்டதாக ஆரவாரம் எழுந்தது. கொழுந்து பறித்த கையோடு இரவில் அடி வாங்கும் பெண்ணை, சம்பளப் பணத்திற் பாதி தவறணை வாயிலிற் கரைவதைப் பார்த்து நிற்கும் பெண்ணை, இந்தப் பண்பாட்டுக் காவலர் எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைக்குள் அவள் நுழையலாமா என்பதைப் பற்றித் தலைநகரம் ஒரு வாரம் விவாதித்தது. அந்தக் கடை அவள் வீட்டு வழியில் இருக்கலாமா என்பதை விவாதிக்க அதற்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

நம்மவர் பங்கையும் மறைத்தல் கூடாது. 2006 ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மதுபான விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது. 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதையும் தடைசெய்கிறது. சட்டம் விலக்கியதை உபயம் என்ற பெயரிற் கோயில் நிருவாகம் ஏற்குமாயின், தேரின் வடத்தைத் தொடும் கைகள் எவை என்ற வினா எழாதா? தேர்தற் காலத்திற் போத்தல் விநியோகிப்போர் யாரென்பதைத் தோட்டத்துச் சிறுவரும் அறிவர். மறுநாட் காலையில் அதே மனிதர் மேடையேறி, மலையக இளைஞர் குடியாற் கெடுகின்றனர் என்று கண்ணீர் வடிக்கும்போது கைதட்டுவோரும் நம்மவரே.

வேண்டுவது பெரிதன்று. ஓர் ஊரில் அல்லது ஒரு தோட்டத்தின் வாயிலில் மதுக்கடைக்கு அனுமதி வழங்குமுன் அவ்வூர் வாக்காளரின் தீர்ப்பு பெறப்படட்டும். அவ்வாக்கில் லயத்துப் பெண்களின் வாக்கும் எண்ணப்படட்டும். 2003 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் பிரசாவுரிமை இல்லை என்ற சாக்கு எவரிடமும் இல்லை. கடை மூடும் நாட்களை வகுக்கும்போது சம்பள நாளும் முற்பண நாளும் கணக்கில் வரட்டும். அம்மன் திருவிழா நடைபெறும் நாட்களிற் கடை திறப்பதா என்பதை அவ்விழாவை நடத்தும் ஊரே சொல்லட்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, 2024 ஆம் ஆண்டில் மத்திய மாகாணத்துக்கு வழங்கப்பட்ட அந்த 45 அனுமதிப்பத்திரங்களுள் எத்தனைக்கு அயலில் வாழும் ஒரு தோட்டப் பெண்ணின் கருத்தேனும் கேட்கப்பட்டது என்பதை மதுவரித் திணைக்களம் எழுத்தில் வெளியிடட்டும்.