வீட்டிற்குள் ஓர் அரை மணி நேரம்

பஜ்ருத் தொழுகை முடிந்ததும் நம் ஊர்களில் ஆண்கள் பலர் நடைபயிற்சிக்குச் செல்கின்றனர். அதே வேளையில் நம் பெண்கள் அடுப்படியில் நிற்கின்றனர். நீரிழிவும் மூட்டுவலியும் அவர்களை விட்டுவைப்பதில்லை. பயிற்சிக்கான இடமும் நேரமும்தாம் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. விரும்பிய நேரத்தில் கைப்பேசியில் பார்த்து வீட்டிலேயே செய்யத்தக்க உடற்பயிற்சிக் காணொளிகளை இந்நிலையில் நாம் ஓர் அருளாகவே கருத வேண்டும்.

"ஐவேளைத் தொழுகையே போதிய பயிற்சியல்லவா?" எனச் சிலர் வினவுகின்றனர். தொழுகை வணக்கம், அதனால் உடலும் பயனடையலாம். ஆயினும் அதை உடற்பயிற்சிக்கு மாற்றாக்குவது முறையன்று. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கே, உடலுக்கும் உரிமை உண்டென நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கமும், 2 நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவையென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள்கள் செய்தால் அந்த 150 நிமிடங்கள் நிறைவாகிவிடும்.

காணொளிகளில் இசை ஒலிக்கிறதே, உடை சரியில்லையே என்னும் கவலை நியாயமானதே. அதற்காக வாயிலையே அடைத்துவிடலாகாது. ஒலியை நிறுத்திவிட்டு அசைவுகளை மட்டும் பின்பற்றலாம். கண்ணியமான உடையில் பெண்களே கற்பிப்பவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். பாங்கு ஒலித்தால் நிறுத்தி, தொழுதபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒன்றை மறவாதிருப்போம். திரையில் கற்பிப்பவர் நம்மைக் காண்பதில்லை. முழங்கால் தவறாக மடிந்தாலும், மூச்சு முட்டினாலும் அவர் தடுக்கப் போவதில்லை. ஆகவே இதய நோயுள்ளோரும், இன்சுலின் போடுவோரும், கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

காணொளிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. கிடைக்காதது அந்த அரை மணி நேரமே. அதைத் தரவேண்டியவர்கள் வீட்டு ஆண்கள். நபி (ஸல்) அவர்கள் இல்லப் பணிகளில் துணைநின்றதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த சுன்னத்தைப் பின்பற்றி, பிள்ளைகளை அரை மணி நேரம் நாம் கவனித்துக்கொள்வோம். நம் இல்லத்துப் பெண்களுக்கு ஆரோக்கியத்தைத் தருமாறு துஆச் செய்யும் நாம், அதற்குரிய நேரத்தையும் அவர்களுக்குத் தருவோமாக.