மலிவுக் கணினி யாருக்கு?

2025 டிசம்பர் தொடக்கத்தில் ராஸ்பெர்ரி பை எனும் ஒற்றைப் பலகைக் கணினியின் விலை உயர்த்தப்பட்டது. 16 ஜிபி நினைவகம் கொண்ட பலகை 120 டாலரிலிருந்து 145 டாலராயிற்று. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதே காரணமென அந்தப் பிரிட்டிஷ் நிறுவனமே கூறியது. அதே மாதத்தில், புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றிய அரசின் ஆய்வு அமைப்பான சி-டாக், துருவ்64 என்னும் 64 பிட் நுண்செயலியை உருவாக்கியுள்ளதாக அறிவிக்கப்பட்டது. இவ்விரு செய்திகளையும் இணைத்தே பார்க்க வேண்டும்.

உள்ளங்கையில் அடங்கும் இப்பலகையில் செயலி, நினைவகம், இணைப்பு முனைகள் யாவும் உண்டு. வீட்டுத் தொலைக்காட்சியே திரையாகிவிடும். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் இது வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில விண்ணப்பிப்போர் குறைந்துவந்ததைக் கண்டு கவலையுற்றவர்களின் முயற்சி அது. சிறுவர்கள் அச்சமின்றிக் கையாண்டு நிரலெழுதப் பழகுவதற்கான கருவி என்பதே நோக்கம். ஆனால் 2021-22 சில்லுத் தட்டுப்பாட்டின்போது தொழில் நிறுவனங்களுக்கே முன்னுரிமை தரப்பட்டது. 2023இல் விற்ற பலகைகளில் பத்தில் ஏழுக்கு மேல் தொழில்துறைக்குச் சென்றன. 2024இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஆலைகள் இப்பலகையைப் பயன்படுத்துவது குற்றமன்று. பற்றாக்குறை வரும்போது வரிசையிலிருந்து தள்ளப்படுபவர் யார் என்பதே கேள்வி.

இந்தியாவில் அந்த மலிவும் முழுமையாக வந்து சேர்வதில்லை. புனேயின் தப்கீர் கல்லி மின்னணுக் கடைகளில் பலகை வாங்கும் மாணவர் டாலர் மதிப்பு, சரக்குக் கட்டணம், ஜிஎஸ்டி அனைத்தையும் சுமக்கிறார். மின்னேற்பி, நினைவட்டை, விசைப்பலகைக்குத் தனிச் செலவு. 2024-25 அரசுக் கணக்கின்படியே நாட்டின் பள்ளிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கணினி வசதியற்றவை.

உலக நினைவகச் சந்தையின் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றின் பிடியில் உள்ளது. குஜராத்தின் சனந்தில் மைக்ரான் அமைக்கும் ஆலையின் திட்டச் செலவில் 50 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. அதே மைக்ரான், சாதாரண நுகர்வோருக்கான தனது நினைவக வணிகத்தைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில்தான் அறிவித்தது. பெரிய வாடிக்கையாளருக்கு வழங்க வேண்டுமாம்! மக்கள் பணம் உள்ளே போகிறது. மக்களுக்கான சரக்கு வெளியே வர மறுக்கிறது.

மாற்று வழிக்குப் புனேயே சான்று. அமெரிக்கா கிரே மீக்கணினியை மறுத்த பின்னணியில் 1988இல் பிறந்த சி-டாக், 1991இல் பரம் 8000ஐ உருவாக்கியது. சாதாரணக் கணினிகளில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை இயங்கச் செய்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்ததும் அதே நிறுவனமே. எந்தப் பங்குச் சந்தையும் அதைக் கேட்கவில்லை.

எனினும் கருவியை மட்டும் வழங்கினால் போதாது. 2011இன் ஆகாஷ் கைக்கணினி விலையைக் குறைத்துக் காட்டியது, வகுப்பறையை மறந்தது. கேரளமோ கட்டற்ற மென்பொருளில் ஆசிரியர்களைப் பல்லாண்டுகள் பயிற்றுவித்த பின்னரே, 2025-26இல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோட்டிக்ஸை விரித்தது.

துருவ்64 அறிவிப்போடு நின்றுவிடக் கூடாது. அதனைக் கொண்டு பள்ளிகளுக்கான பலகைக் கணினியைச் சி-டாக் வடிவமைக்கவும், ஒன்றிய, மாநில அரசுகள் உறுதியான கொள்முதல் ஆணை அளிக்கவும், பாடங்கள் தாய்மொழியில் அமையவும் வரும் நிதிநிலை அறிக்கையிலேயே நிதி ஒதுக்கப்பட வேண்டும்.