மாத்திரை என்றால் அளவு

தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்பது ஒலியின் கால அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மருந்துக்கடையில் நாம் வாங்குவதற்கும் அதுவே பெயர். ஆயினும் பி வைட்டமின்களைப் பொறுத்தவரை, அளவு என்னும் பொருளை அறவே மறந்துவிட்டோம். சோர்வு என்றாலும், கால் மரத்துப்போனாலும், 'சத்து மாத்திரைதானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்' என்று மருத்துவர் சீட்டின்றியே வாங்கி விழுங்குகின்றோம்.

இவற்றின் பெருமையை எவரும் மறுப்பதற்கில்லை. 1928இல் இங்கிலாந்திலிருந்து வந்த மருத்துவ அறிஞர் லூசி வில்ஸ், பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களிடையே, குறிப்பாக முஸ்லிம் பெண்களிடையே, மிகுந்திருந்த இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றை உண்ணக் கொடுத்தபோது அவர்கள் தேறினர். 1931இல் அவர் வெளியிட்ட முடிவே பின்னாளில் ஃபோலிக் அமிலம் கண்டறியப்பட வழிகோலிற்று. நரம்புக்குழாய்க் குறைபாடுடைய மகவை முன்னர்ப் பெற்ற தாய்மார், அடுத்த கருத்தரிப்பிற்கு முன்பிருந்தே அதனை உட்கொண்டபோது அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1991இல் அறிவித்தது.

எனினும், பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை மறையும். நரம்புச் சிதைவோ உள்ளே வளரும். முதியோர், புலால் உண்ணாதோர், நீரிழிவிற்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்போர் ஆகியோரிடம் பி12 குறைய வாய்ப்புண்டு. இரத்தப் பரிசோதனையே அதனைக் காட்டும், ஊகம் காட்டாது.

காசநோய் மருந்தான ஐசோனியசிட் நரம்பைக் கெடுக்காதவாறு காப்பது பி6. ஆனால் அதனை நாள்தோறும் 2 கிராம் முதல் 6 கிராம் வரை உட்கொண்டவர்கள் உணர்விழந்து நடை தளர்ந்ததை 1983இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை எடுத்துரைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கு வகுத்த உச்ச வரம்பு நாளொன்றுக்கு 12 மில்லிகிராமே. நரம்பைக் காக்கும் மருந்தே அளவு மீறின் நரம்பின் பகையாகின்றது.

அரசு நலவாழ்வு நிலையம் இலவசமாகத் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் பல இல்லங்களில் அலமாரியில் உறங்குகின்றன. வேண்டாத மாத்திரைகளோ காசு கொடுத்து வாங்கப்படுகின்றன. இம்முரண் நீங்க வேண்டும். மாணவ மணிகள் தத்தம் இல்லத்தில் இதனை எடுத்துரைப்பார்களாக! ஜமாஅத் பெரியோர்கள் மஹல்லாதோறும் இதற்கு ஆவன செய்வார்களாக! உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். வேண்டுவோர்க்கு மருந்தை மறுப்பதும், வேண்டாதோர் அதனை அள்ளி உண்பதும் அவ்வமானிதத்திற்கு இழைக்கும் பிழையே ஆகும்.