கூண்டின் மூலையில் ஒதுங்கும் குட்டி

விலங்குக் காப்பகத்திற்கோ தத்தெடுப்பு முகாமிற்கோ செல்வோரின் கண்ணில் முதலில் படுவது, கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி விளையாடும் பூனைக்குட்டிதான். அதே கூண்டின் மூலையில், துணிக்குள் முகத்தைப் புதைத்து, கண்ணில் நீர் வடிய இன்னொரு குட்டி படுத்திருக்கும். அதற்கு அடிக்கடி சளி பிடிக்கும், வாழ்நாள் முழுவதும் கவனம் தேவைப்படும் என்று தொண்டூழியர் உண்மையைச் சொன்னதும், வந்தவர்கள் "பாவம்!" என்று கூறிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். வாரங்கள் ஓடும்; குட்டி பெரிய பூனையாகிவிடும். பெரிய பூனையைக் கேட்டு வருவோர் இன்னும் குறைவு.

இப்படிப்பட்ட குட்டியைத் தத்தெடுக்கலாமா? தாராளமாகத் தத்தெடுக்கலாம். ஆனால், பரிதாபத்தை மட்டும் நம்பி எடுக்கக்கூடாது. பரிதாபம் முதல் வாரத்தைத் தாண்டுவதே கடினம். பூனையோ பதினைந்து ஆண்டுகள் வரைகூட வாழக்கூடியது.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி இப்போது பல குடும்பங்களை நெருங்கி வந்திருக்கிறது. நெடுங்காலமாக வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல் அந்தத் தடை நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் பெற வேண்டும்; பூனையின் தோலுக்கடியில் நுண்சில்லு பொருத்த வேண்டும். முன்பு மறைவாக வளர்த்தவர்கள் இன்று வெளிப்படையாக வளர்க்கலாம். அதனால், புளோக்கின் கீழ்த்தளத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் மீட்கப்படும் குட்டிகளுக்கும் வீடு கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. இரண்டே இடங்கள்தான் என்னும்போது, அவற்றுள் ஒன்றை நோயுள்ள குட்டிக்குக் கொடுப்பானேன் என்று சிலர் கேட்பது இயல்பே.

அதற்குப் பதில் சொல்லும் முன், அந்த நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். மீட்கப்பட்ட குட்டிகளிடம் பரவலாகக் காணப்படுவது ஹெர்பிஸ் வகைக் கிருமியால் வரும் பூனைச் சளி. தும்மல், மூக்கடைப்பு, கண் சிவந்து நீர் வடிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். மருந்தால் அறிகுறிகள் அடங்கும். கிருமியோ உடலை விட்டுப் போவதில்லை. நரம்புகளில் ஒளிந்திருந்து, பூனை அச்சமோ மனவுளைச்சலோ அடையும்போது மீண்டும் தலைதூக்கும். இது மனிதருக்குப் பரவாது. வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் அதற்குப் பரவக்கூடும். தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்குமே தவிர, முழுமையாகத் தடுத்துவிடாது.

இங்கேதான் குட்டியின் கூச்சமும் நோயும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பூனைக்குட்டி பிறந்து ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதைத்தான் பிற்பாடு எளிதாக நம்பும். அந்த நாள்களில் மனிதரின் கையையே அறியாமல் வளர்ந்த குட்டி, பின்னர் மனிதரைக் கண்டால் அஞ்சி ஓடுகிறது. அச்சம் நோயைக் கிளப்புகிறது. நோய் வந்தால் பிடித்து மருந்து போட வேண்டியிருக்கிறது. பிடிக்கப் பிடிக்க அச்சம் கூடுகிறது. காப்பகக் கூண்டில், பக்கத்தில் நாய் குரைக்க, நாளுக்கொரு புதிய முகம் எட்டிப் பார்க்க, இந்தச் சுழலிலிருந்து குட்டி மீள்வது மிகக் கடினம். அமைதியான ஒரு வீடு அதற்குப் பாதி மருந்து. ஓடியாடும் குட்டிக்கு எந்த வீடும் பொருந்திவிடும். மூலையில் இருக்கும் குட்டிக்குத்தான் வீடு அவசரமாகத் தேவைப்படுகிறது.

அமைதியான வீடு என்றதும் பங்களாவைக் கற்பனை செய்ய வேண்டாம். மூவறை வீட்டில் ஓர் அறையின் மூலையே போதும். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து ஒரு பக்கம் வாசல் வெட்டிவிட்டால் ஒளிந்துகொள்ள இடம் தயார். உணவும் தண்ணீரும் ஒருபுறம், மணல் தட்டு சற்றுத் தள்ளி மறுபுறம். சன்னல்களுக்கு வலை பொருத்தியிருக்க வேண்டும். அஞ்சிய பூனை எந்த இடுக்கிலும் நுழையும், பத்தாம் மாடி என்று பார்க்காது. பிறகு செய்ய வேண்டியது, பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். அறையில் உட்கார்ந்து பாடம் படிக்கலாம், தாழ்ந்த குரலில் பேசலாம். குட்டியை இழுத்து மடியில் வைக்கக்கூடாது. வீட்டுக்கு வரும் உறவினர்கள் எல்லாருக்கும் அதை எடுத்துக் காட்டும் ஆசையையும் அடக்க வேண்டும். தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தினர் வரும் நாளில் அந்த அறைக் கதவு மூடியே இருக்கட்டும்.

மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் அது உண்ணாது. ஈர உணவை இலேசாகச் சூடாக்கி வைத்தால் மணம் எழும், குட்டியும் வாய் வைக்கும். ஒரு நாள் முழுதும் உண்ணாமல் இருந்தாலோ, ஒரு கண்ணை இடுக்கியபடியே இருந்தாலோ விலங்கு மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக்கூடாது. கருவிழியில் புண் ஏற்பட்டிருந்தால் தாமதம் பார்வையைப் பாதிக்கும். வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே ஆபத்தானது. மனிதர் சாதாரணமாக உட்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு.

செலவைப் பற்றியும் மழுப்பாமல் பேச வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், கண் மருந்து, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் பணம் தேவை. தத்தெடுக்கும் முன்பே உள்ள நோய்க்குச் செல்லப்பிராணிக் காப்புறுதி பொதுவாக ஈடு தருவதில்லை. எனவே, மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைக்க முடியுமா என்று பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். முடியாது என்று தெரிந்தால், "இப்போது வேண்டாம்" என்று சொல்வதில் வெட்கமில்லை. அவசரப்பட்டு அழைத்து வந்து, இரண்டு மாதத்தில் திருப்பி விடுவதைவிட அது எவ்வளவோ மேல். மீண்டும் கூண்டு, மீண்டும் புதிய முகங்கள் என்றால் அடங்கியிருந்த நோயும் மீண்டும் எழும்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளைகள்தாம் பூனை வேண்டுமென்று கேட்கிறார்கள். பதினான்கு வயதில் குட்டியைக் கொண்டு வரும் மாணவருக்கு, அது முதுமை அடையும்போது முப்பது வயதை நெருங்கியிருக்கும். இடையில் தேர்வுகள், பலதுறைத் தொழிற்கல்லூரி அல்லது தொடக்கக் கல்லூரி, தேசிய சேவை, வேலை, ஒருவேளை திருமணம். "நான்தான் பார்த்துக்கொள்வேன், அம்மா!" என்ற வாக்குறுதியை அம்மாதான் கடைசியில் நிறைவேற்றுகிறார் என்பது பல வீடுகளில் நடப்பது. ஆகவே, அம்மாவின் சம்மதத்தைக் கெஞ்சிப் பெறுவது போதாது. மணல் தட்டை யார் அள்ளுவது, காலையில் கண் மருந்தை யார் போடுவது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

நோயில்லாத குட்டியை எடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று சொல்லலாம். அந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. வீட்டில் வயதான பூனை இருந்தாலோ, ஓயாமல் ஓடியாடும் சிறு குழந்தைகள் இருந்தாலோ அதுவே பொருத்தமான தேர்வு. ஆனால், இன்று நலமாக இருக்கும் குட்டி என்றும் நலமாகவே இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. சிறுநீரக நோயும் நீரிழிவும் வயதான பூனைகளுக்கு வருவது சாதாரணம். மூலையில் இருக்கும் குட்டியிடம் ஒரு வசதி உண்டு: அதன் குறை என்ன என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது. கடந்த மூன்று மாதங்களில் எத்தனை முறை சளி வந்தது, எந்த மருந்துக்கு அடங்கியது, எதைக் கண்டால் அஞ்சுகிறது என்று தொண்டூழியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தயாராகத்தான் வீட்டுக்கு அழைத்து வரலாம்.

அழைத்து வந்த முதல் சில நாள்களில் குட்டியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருக்கும். பணம் கொடுத்துத் தீனியும் பொம்மையும் வாங்கிய வீட்டாருக்கு அது ஏமாற்றமாகவும் இருக்கும். அப்போது பார்க்க வேண்டியது குட்டியை அல்ல, தட்டை. இரவில் வைத்த உணவு காலையில் குறைந்திருந்தால், மணலில் அது வந்துபோன தடம் இருந்தால், அந்தப் பெட்டிக்குள் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.