32,767 என்ற எண்ணை எதற்கு மனப்பாடம் செய்கிறோம்?

ஃபர்ஸ்ட் இயர் சி புரோகிராமிங் பேப்பரில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு டூ மார்க் கேள்வி: "டேட்டா டைப்களை அவற்றின் சைஸ், ரேஞ்ச் உடன் எழுதுக." பதில் எல்லோருக்கும் தெரியும். இன்ட் 2 பைட், மைனஸ் 32,768 முதல் 32,767 வரை. கேர் 1 பைட், ஃப்ளோட் 4, டபுள் 8. ஸ்கேல் வைத்து டேபிள் போட்டால் முழு மார்க்.

இந்தக் கேள்வியைத் தூக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. அது கஷ்டம் என்பதால் இல்லை. புரோகிராம் எழுதுபவர் எடுக்க வேண்டிய முதல் முடிவை, மனப்பாடச் செய்யுள் மாதிரி ஆக்கிவிடுகிறது என்பதால்.

முதலில், அந்தப் பதிலே பழசு. 'இன்ட் 2 பைட்' என்பது டாஸ் காலத்து டர்போ சி கணக்கு. இன்ட் குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் சி மொழியின் ஸ்டாண்டர்ட் சொல்கிறது. மீதியைக் கம்பைலரிடம் விட்டுவிடுகிறது. உங்க லேப்டாப்பில் ஜிசிசி போட்டு சைஸ்ஆஃப் கேட்டுப் பாருங்க, 4 என்று வரும். அப்போ உச்ச எல்லை 214 கோடியைத் தாண்டிவிடும். மெஷின் ஒன்று சொல்கிறது, நோட்ஸ் இன்னொன்று சொல்கிறது. நாம் நோட்ஸை நம்பி எழுதிவிட்டு வருகிறோம். இன்ஜினியரிங் படிப்பதற்கு இது நல்ல ஆரம்பமா?

இரண்டாவது, டேபிளில் எங்கேயும் 'ஏன்' இல்லை. மெமரிக்குள் இருப்பது வெறும் 0, 1 மட்டும்தான். 01000001 என்று எட்டு பிட் இருக்கிறது என்றால் அதை எண்ணாகப் படித்தால் 65. எழுத்தாகப் படித்தால் ஆங்கிலத்தின் பெரிய ஏ. பிட்டுகள் மாறவே இல்லை, நாம் படிக்கும் விதம்தான் மாறியது. அந்த 'எப்படிப் படிப்பது' என்ற ஒப்பந்தம்தான் டேட்டா டைப். வேரியபிள் என்பது அப்படி வைத்த மதிப்புக்கு நாம் கொடுக்கும் பெயர். கணக்குப் பாடத்தில் 'மாறி' என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கணக்கு நோட்டில் இருக்கும் மாறிக்கு இட நெருக்கடி கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கும் மாறிக்கு உண்டு.

இது புரிந்தால், ஃபர்ஸ்ட் இயர் லேபில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பாதி விஷயங்கள் தானாக விளங்கிவிடும். 500-க்கு 437 மார்க். சதவீதம் கண்டுபிடிக்க 437-ஐ 500-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கச் சொல்கிறோம். சி கொடுக்கும் பதில் 0. கம்பைலர் தப்பு செய்யவில்லை. இரண்டும் இன்ட் என்று நாம்தான் சொன்னோம். முழு எண் வகுத்தலில் 0.874 என்பதன் தசமப் பகுதி வெட்டப்பட்டு 0 ஆனது, அதை 100-ஆல் பெருக்கினாலும் 0-தான்.

அடுத்தது போன் நம்பர். பெயரிலேயே நம்பர் இருக்கிறது, அதனால் இன்ட் என்று போட்டுவிடுகிறோம். நம்ம ஊர் மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9-ல் ஆரம்பிக்கும் பத்து இலக்கம். எல்லாமே 4 பைட் இன்ட்டின் எல்லைக்கு வெளியே. சரி, சின்ன நம்பர்தானே என்று சென்னையின் எஸ்டிடி கோடு 044-ஐ சி புரோகிராமில் ஒரு இன்ட்டுக்குக் கொடுத்து பிரின்ட் பண்ணுங்க. 36 என்று வரும். முன்னால் சைபர் இருந்தால் சி அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். கோயம்புத்தூரின் 0422 கொடுத்தால் 274.

இதற்கு நான் பிடித்து வைத்திருக்கும் விதி எளிது: கூட்டினால் அர்த்தம் வந்தால்தான் அது எண். இரண்டு பேரின் மார்க்கைக் கூட்டலாம். இரண்டு ஊரின் பின்கோடைக் கூட்டி என்ன செய்வது? பின்கோடு, போன், ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் எண் வேஷம் போட்ட ஸ்ட்ரிங்.

"நாங்க பைத்தான் பசங்க, எங்களுக்கு டைப் தொல்லையே இல்லை" என்று ஒரு கூட்டம் சொல்லும். தப்பு. பைத்தானில் டைப்பை நீங்க எழுத வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு மதிப்புக்கும் டைப் இருக்கத்தான் செய்கிறது. இன்புட் வழியாக 5, 3 என்று வாங்கிக் கூட்டிப் பாருங்க, 53 வரும். இரண்டும் ஸ்ட்ரிங் ஆக வந்தவை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும், 0.1-ஐ பைனரியில் துல்லியமாக எழுத முடியாது. கேன்டீன் பில்லுக்கு ஒரு ஆப் எழுதுகிறீர்கள் என்றால் ரூபாயை ஃப்ளோட்டில் வைக்காமல், பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்க.

நம்ம மொழி விஷயத்துக்கு வருவோம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. பைத்தானில் லென் போட்டால் 5. புள்ளியையும் இகரக் குறியையும் யூனிகோடு தனித்தனியாக எண்ணுகிறது. யுடிஎஃப்-8 ஆக வைத்து சி-யில் ஸ்டிரிங்லென் போட்டால் 15, ஏனென்றால் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'முத்துலட்சுமி' ஏழு எழுத்துப் பெயர்தான், ஆனால் 39 பைட் கேட்கும். பெயருக்கு 30 போதும் என்று அர்ரே போட்ட புரோகிராமில் முத்துலட்சுமிக்கு இடமே இல்லை. 'கேர் 1 பைட், ஒரு எழுத்து' என்று மனப்பாடம் செய்தவர் எழுதும் சாஃப்ட்வேரில் நம்ம பாட்டியின் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

வெட்டுப்படுவது பெயரோடு நிற்பதில்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகப் பறந்தது. ஏரியான் 4-ல் நன்றாக ஓடிய வழிகாட்டும் சாஃப்ட்வேரை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு 64 பிட் ஃப்ளோட்டிங் மதிப்பை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி அதில் இருந்தது. புது ராக்கெட்டின் வேகம் அதிகம், மதிப்பு அதற்குள் அடங்கவில்லை. கிளம்பி சுமார் 40 விநாடியில் ராக்கெட் சிதறியது. 16 பிட்டின் உச்ச எல்லை எவ்வளவு? நாம் டூ மார்க்குக்காக எழுதும் அதே 32,767.

இன்னொன்று வரிசையில் நிற்கிறது. 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணும் பழைய சிஸ்டங்களுக்கு 2038 ஜனவரி 19, நம்ம நேரப்படி காலை 8:44:07-க்குப் பிறகு இடம் தீர்ந்துவிடும். பல இடங்களில் 64 பிட்டுக்கு மாற்றியாகிவிட்டது. எங்கேயோ ஒரு ஃபேக்டரியில் தூங்கும் பழைய கன்ட்ரோலரைத் தேடி மாற்றும் வேலை, அப்போது வேலையில் இருக்கப்போகும் நம்ம தலையில்தான் விழும்.

ஆகவே கேள்வித்தாள் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேபிளைக் கேட்காதீர்கள். "ஹாஸ்டல் அட்மிஷன் ஃபார்மில் பெயர், பிறந்த தேதி, பின்கோடு, கட்டிய ஃபீஸ் என நான்கு விவரம் இருக்கிறது, எதற்கு எந்த டைப், ஏன்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் எழுத யோசிக்க வேண்டும். யோசித்தவரை மார்க் போடும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

ஜூனியர்களே, கேள்வித்தாள் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த புரோகிராமில் வேரியபிளை டிக்ளேர் செய்யும் முன் மூன்று கேள்வி போதும். இதைக் கூட்டினால் அர்த்தம் வருமா? இது எவ்வளவு பெரிசாகப் போகும்? தசமம் வருமா? கம்பைலர் உங்களிடம் இதையெல்லாம் கேட்காது. நீங்க சொன்னதை அப்படியே நம்பிவிடும்.