வட்டக்கோட்டை விசாரணை

சினிமாப் பார்ப்பது சுலபமான காரியம். பார்த்த பிறகு அபிப்பிராயம் சொல்லாமல் இருப்பதுதான் மகா கஷ்டம். அதிலும் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் ஒரே படத்தைப் பார்த்துவிட்டால், வீட்டில் ஐந்து படங்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன!

நாகர்கோவிலில் என் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு இந்த அநுபவம் நேர்ந்தது. சனிக்கிழமை இரவு எல்லோருமாக உட்கார்ந்து 'ரஷ் அவர்' என்னும் அமெரிக்கப் படத்தைப் பார்த்தோம். அன்றிரவு தொடங்கிய விவாதம் மறுநாள் காலை இட்டிலியுடன் தொடர்ந்தது. மாலையில் வட்டக்கோட்டைக்குப் புறப்பட்டபோது, முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் உப்பேரி, சுக்குக் காப்பி ஆகியவற்றோடு விவாதமும் வண்டியில் ஏறிக்கொண்டது.

வட்டக்கோட்டை கன்னியாகுமரிக்கு வடகிழக்கே சுமார் 6 கிலோமீட்டர் தூரத்தில் கடலோரத்தில் இருக்கிறது. பெயர்தான் வட்டம், கோட்டை நீள்சதுரம். கருங்கல் மதில்கள் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 25 அடி உயரம். உள்ளே சுமார் மூன்றரை ஏக்கர் நிலம். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. இவ்வளவு காற்றுள்ள இடத்தில் யாருடைய அபிப்பிராயமும் நெடுநேரம் தங்காது என்று எண்ணினேன். எண்ணியது பிசகு.

படத்தைப் பார்க்காத நேயர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சீன ராஜப்பிரதிநிதி ஒருவரின் சிறு பெண்ணைத் துஷ்டர்கள் கவர்ந்துசெல்கிறார்கள். அவளைத் தேட ஹாங்காங்கிலிருந்து லீ என்னும் இன்ஸ்பெக்டர் வருகிறார். வெளியூர்க்காரர் தங்கள் காரியத்தில் தலையிடுவதை அமெரிக்க மத்திய போலீஸார் விரும்பவில்லை. ஆகையால், அவரை ஊர் சுற்றிக் காட்டி ஒதுக்கிவைப்பதற்காக, வாயாடியான கார்ட்டர் என்னும் உள்ளூர்த் துப்பறிவாளரை அனுப்புகிறார்கள். லீக்கு ஆங்கிலம் தெரியாதென்று நினைத்துக் கார்ட்டர் பேசித் தள்ளுகிறார். லீயோ நன்றாகத் தெரிந்துகொண்டே சும்மா இருக்கிறார். வேண்டாதவர்களென்று ஒதுக்கப்பட்ட இந்த இருவரும் சேர்ந்து குழந்தையை மீட்பதுதான் கதை. லீயாக ஜாக்கி சானும் கார்ட்டராகக் கிறிஸ் டக்கரும் நடித்தார்கள். 1998 செப்டம்பரில் வெளிவந்த இப்படம், சுமார் 3.3 கோடி டாலர் செலவில் தயாராகி, உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

கோட்டை மதில்மேல் ஜமக்காளம் விரித்தோம். விசாரணை ஆரம்பமாயிற்று.

முதல் சாட்சி, கல்லூரியில் படிக்கும் மருமகன். "மாமா, சண்டையில் சிரிப்பு வருவதென்றால் அது ஜாக்கி சானால்தான் ஆகும். மற்றவர்கள் அடிப்பதற்காகச் சண்டை போடுகிறார்கள், அவர் தப்பிப்பதற்காகப் போடுகிறார்" என்றான். நியாயமான பேச்சு. கடைசியில் சீனக் கலைப்பொருள் கண்காட்சியில் நடக்கும் சண்டையே இதற்கு அத்தாட்சி. எதிராளியை உதைப்பதைவிட, சாயும் பழைய ஜாடிகளைத் தாங்கிப் பிடிப்பதிலேயே லீக்குக் கவலை அதிகம். காலால் ஒருவனைத் தள்ளி, கையால் ஜாடியை அணைக்கும் அந்த வித்தைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் 'சபாஷ்' போடலாம்.

இரண்டாவது சாட்சி, என் தமக்கை. அவள் தீர்ப்பு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது: "இதைத்தான் நாங்கள் 1990-லேயே பார்த்துவிட்டோமே!"

அவள் குறிப்பிட்டது 'அக்கரெ அக்கரெ அக்கரெ' என்னும் மலையாளப் படத்தை. பிரியதர்ஷன் இயக்கியது. தாஸன், விஜயன் என்ற இரண்டு துப்பறிவாளர்கள், களவு போன பொற்கிரீடத்தைத் தேடி அமெரிக்கா போய்ச் செய்யும் அமர்க்களந்தான் கதை. மோகன்லாலும் ஸ்ரீநிவாசனும் அந்த இருவர். 1956 நவம்பர் 1-ம் தேதி இந்த ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆனால் சிரிப்புக்கு எல்லை பிரிக்க யாராலும் முடியவில்லை. நாஞ்சில் நாட்டு வீடுகளில் தாஸனும் விஜயனும் இன்றும் உறவினர் மாதிரி. "அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பொறாமையால் பிடுங்கித் தின்பார்கள், ஆனால் பிரியமாட்டார்கள். அதுதான் சிநேகிதம்" என்றாள் தமக்கை.

சரித்திரம் பார்த்தால், இந்த இரட்டைப் போலீஸ் கதைக்கு வயது இன்னும் அதிகம். ஜப்பானில் அகிரா குரோஸாவா 1949-ல் எடுத்த 'தெரு நாய்' என்னும் படத்தில், கைத்துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் துப்பறிவாளர் ஒருவர், அநுபவசாலியான மூத்தவரோடு சேர்ந்து வெயிலில் அலைகிறார். அதில் ஹாஸ்யம் இல்லை. ஆனால் முரண்பட்ட ஜோடி அங்கேயே பிறந்துவிட்டது. ஹாலிவுட்டார் 1980-களில் அதற்குச் சிரிப்பு மருந்து ஊட்டினார்கள்.

மூன்றாவது சாட்சி, அத்தான். அவர் கணக்குப் பிரியர். கைபேசியை எடுத்து, "படம் நல்லதா கெட்டதா என்று நீங்கள் எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும்? இத்தனை சதவிகிதம் என்று போட்டிருக்கிறானே!" என்றார்.

இந்தச் சதவிகிதத்தின் கதை ரஸமானது. ஸென் டுவாங் என்னும் இளைஞர் ஜாக்கி சானின் பக்தர். அவருடைய படங்களுக்கு வரும் விமரிசனங்களைச் சேர்த்துவைப்பது வழக்கம். 'ரஷ் அவர்' வரப்போகிறதென்றதும், எல்லா விமரிசனங்களையும் ஒரே இடத்தில் தொகுத்துப் போடலாமென்று 1998 ஆகஸ்டில் இணையத்தில் ஒரு தளம் ஆரம்பித்தார். படம் செப்டம்பருக்குத் தள்ளிப்போய்விட்டது. ஆகவே வேறு படங்களோடு கடை திறக்கும்படியாயிற்று. அந்தத் தளந்தான் பிற்பாடு உலகப் பிரசித்தி பெற்ற 'ராட்டன் டொமேட்டோஸ்', அதாவது 'அழுகல் தக்காளி'. ஆக, சினிமா அபிப்பிராயங்களைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் வழக்கம் பரவுவதற்கு, நாம் விசாரித்துக்கொண்டிருக்கும் இந்தப் படமே ஒரு காரணம்!

ஆனால் ஒன்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சதவிகிதம் படத்துக்குக் கிடைத்த மார்க்கு அல்ல. நூறு விமரிசகர்களில் எத்தனை பேர் 'பார்க்கலாம்' என்றார்கள் என்பதுதான். நூறு பேரும் முகத்தைச் சுளிக்காமல் 'பரவாயில்லை' என்றால் நூற்றுக்கு நூறு. அறுபது பேர் ஆனந்தக் கூத்தாடி, நாற்பது பேர் எழுந்து போனால் வெறும் அறுபதுதான். ஜாக்கி சானே பின்னாளில் பேட்டிகளில் இந்தப் படம் தமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லையென்று சொல்லியிருக்கிறார். அந்த அபிப்பிராயத்தை எந்தத் தராசில் வைப்பது?

நான்காவது சாட்சி இதுவரையில் வாய் திறக்கவில்லை. அவர் அத்தானின் தகப்பனார். குழந்தைகளுக்குப் பாட்டா, ஊராருக்கு ஏட்டையா. போலீஸில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்.

"பாட்டா, உங்களுக்குப் படம் பிடிக்கவில்லையா?" என்றான் மருமகன்.

"பிடித்தது, மக்கா. அந்த ஜாடி இடத்தில் நானும் சிரித்தேன். சட்டத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மிரட்டித் தகவல் கறக்கிறானே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் போலீஸ்காரன் யாரைச் சந்தேகித்தாலும் அவன் குற்றவாளியாகவே இருந்துவிடுகிறான். நான் பார்த்த வேலையில் அப்படி இல்லை. தப்பான ஆளை நாங்கள் இழுத்துக்கொண்டு வந்ததுண்டு. அவன் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றார்.

சிறிது நேரம் அலையோசைதான் கேட்டது.

பெரியவர் சொன்னதற்கு அத்தாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டையே சிரிக்கவைத்த அந்த மனிதர் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் 1944-ன் கடைசியில் கைதானார். தண்டனையும் விதிக்கப்பட்டது. பிரிவி கௌன்ஸில் வரையில் வழக்குப் போய், 1947-ல் சென்னை ஹைகோர்ட்டார் அவரையும் பாகவதரையும் விடுதலை செய்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட சிறைவாசத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு மாண்ட செய்தி தேசத்தையே உலுக்கியது. கடையை நேரம் கடந்து திறந்திருந்தார்கள் என்பதே அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம். போலீஸ்காரரின் உருட்டையும் உதையையும் கொண்டாடிப் படமெடுத்து வெற்றி கண்ட டைரக்டர் ஹரி, அப்படி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துவதாக அப்போது பகிரங்கமாக அறிவித்தார். தாம் எடுத்த படத்துக்குத் தாமே எழுதிய அந்த விமரிசனத்தில் எத்தனை சதவிகிதம் என்று யாரும் கணக்கிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், நாட்டின் எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் காமிரா பொருத்த வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சினிமாக் காமிரா போகாத இடத்துக்கு அந்தக் காமிரா அவசியமாகப் போகத்தான் வேண்டும்.

அப்படியானால் போலீஸ் ஹாஸ்யப் படங்களே கூடாதா? கூடாதென்று நான் சொல்லமாட்டேன். போலீஸ்காரரைப் பார்த்து நாம் சிரிப்பது ஜனநாயகத்துக்கு நல்லது. அடிபடுகிறவனைப் பார்த்துப் போலீஸ்காரரோடு சேர்ந்து சிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'ரஷ் அவர்' பெரும்பாலும் முதல் ஜாதியைச் சேர்ந்தது. சீனரையும் நீக்ரோவரையும் இனம் சுட்டிக் கேலி செய்யும் இடங்கள் இன்று நாக்கில் கசக்கின்றன. ஆனால் உச்சியில் தொங்கும் லீயைக் கார்ட்டர் பெரிய கொடித்துணியை வீசிக் காப்பாற்றும்போது, அந்தக் கசப்பு ஓரளவு தீர்ந்துவிடுகிறது.

பொழுது சாய்ந்தது. மதிலைத் தடவிக்கொண்டே பெரியவர் சொன்னார்: "இந்தக் கோட்டையைக் கல்லால் கட்டியது யார் தெரியுமா, மக்கா? நம்மோடு சண்டைக்கு வந்தவன்!"

வாஸ்தவம். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் சேனை டச்சுக்காரர்களை முறியடித்தபோது சிறைப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய். மகாராஜா அவரைத் தம் படைக்குப் பயிற்சி அளிக்கச் செய்தார். டிலனாய், 'வலிய கப்பித்தான்' என்று பேரெடுத்து, திருவிதாங்கூருக்காகக் கோட்டைகள் கட்டி, 1777-ல் இந்த மண்ணிலேயே இறந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். பாஷை வேறு, தேசம் வேறு, ஆரம்பத்தில் பகை வேறு! இதைவிடப் பெரிய இரட்டையர் கதையை ஹாலிவுட்டில் யார் எழுதப் போகிறார்கள்?

ஐந்தாவது சாட்சியை மறந்துவிட்டேனே! ஆறு வயதுப் பெண் குழந்தை. வண்டியில் ஏறும்போது கேட்டாள்: "மாமா, அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றின பெரிய ஜாடியைக் கடைசியில் சுட்டு உடைத்துவிட்டார்களே, ஏன்?"

நாங்கள் நால்வரும் பெரியவரைப் பார்த்தோம். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "துப்பாக்கி கையில் இருந்தால் அப்படித்தான், மக்கா" என்றார்.

விசாரணை அத்துடன் முடிவடைந்தது.